பின்சீட்டுக்கு அடியில் ஒரு எண்

அப்பா இத்தனை வருஷமாகப் பொய் சொல்லியிருக்கிறார் என்று ஒரு தாள் சொன்னது. அவளும் அதை நம்பிவிட்டாள். பின்னால் அவளைப் போட்டு வதைத்தது அந்த நம்பிக்கைதான்.

அவள் கார் சீட் தைப்பவள். கணவன் டிங்கர், நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவான், துருப்பிடித்ததை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்வான். ஒரே கொட்டகையில் இரண்டு பேருக்கும் பட்டறை. அவன் பக்கத்துப் பொறி அவள் துணியில் விழக்கூடாது என்று நடுவே ஒரு தடுப்பு. கொட்டகையின் மூலையில் அப்பாவின் வெள்ளை ஆல்டேரா கார்.

அப்பா வாழ்நாளெல்லாம் ஒரே முதலாளிக்கு வண்டி ஓட்டியவர். படுத்த படுக்கையில் முதலாளி சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, "இது சாதா ஆல்டேரா இல்லப்பா, ராயல். பத்திரமா வெச்சுக்க" என்று சொன்னாராம். அதை அப்பா டீ கொண்டுவருகிறவர் முதல் மின்கணக்கு எடுக்க வருகிறவர் வரை யாரையும் விடாமல் சொல்லிவிட்டார். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் அவரைப் பார்த்தால் "ராயல் வர்றாரு, வழி விடுங்க" என்பார்கள். கேலி என்று தெரிந்தும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நடப்பார்.

ராயலுக்கும் சாதாவுக்கும் வெளியே பார்த்தால் பின்பக்க எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அது எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. அந்தக் கம்பெனியையும் மூடியாயிற்று. ஆனால் தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவுகளை ஒரு மியூசியம் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. பின்சீட்டைத் தூக்கினால் தரைத்தகட்டில் பாடி எண் குத்தியிருக்கும். அதை எழுதி அனுப்பினால் அந்த வண்டி என்ன பெயரில், என்ன நிறத்தில், என்ன சீட்டோடு வெளியே வந்தது என்று முத்திரை வைத்துப் பதில் அனுப்புவார்கள். எஞ்சின் மாறலாம், பெயிண்ட் மாறலாம், அந்த எண் மட்டும் மாறாது என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

பழைய கார் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. 'ஆல்டேரா ராயல்' என்று பலகை வைத்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. தாள் இருந்தால்தான் பலகை என்றது சங்கம்.

"தாளும் கீளும் எதுக்கு மாமா? நம்ம வண்டி நமக்குத் தெரியாதா?" என்றான் கணவன்.

"நமக்குத் தெரியும் மாப்ள. ஊருக்கும் தெரியட்டுமே."

அவளே எண்ணைப் பார்த்து எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. மாடல்: ஆல்டேரா, சாதா. நிறம்: வெள்ளை. இருக்கை: சாம்பல் நிறத் துணி.

அப்பா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"அப்போ முதலாளி என்னை ஏமாத்திட்டாராம்மா?"

அவளுக்கு நாக்கில் சனி. கண்காட்சிக்கு வருகிற வாடிக்கையாளர் அத்தனை பேரிடமும் அவளும்தான் பெருமை அடித்திருந்தாள். "அவர்தான் சொன்னாரோ, நீங்களா சொல்லிக்கிட்டீங்களோ, யாருக்குத் தெரியும்? இனிமேலாவது அந்தப் பேச்சை விடுங்கப்பா. மானம் போகுது."

அப்பா தாளை மடித்து வைத்தார். கணவன்தான் வந்து அவர் தோளில் கை வைத்தான். "விட்டுத் தள்ளுங்க மாமா. பேர்ல என்ன இருக்கு? மக்கர் பண்ணாம ஓடுற வண்டி எல்லாம் ராயல்தான்." பெற்ற மகள் கடித்துக் குதற, மருமகன் ஆறுதல் சொல்கிறானே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று அவள் அன்றைக்கு நினைத்தாள்.

தினமும் காலையில் துணியும் கையுமாக வந்து வண்டியைத் துடைக்கிறவர், அதன் பிறகு கொட்டகைப் பக்கமே வரவில்லை. வீட்டில் தன் அறையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ராயல் எங்கே காணோம்?" என்று கேட்டவர்களுக்கு அவள் உடம்பு சரியில்லை என்றாள்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. சாதா என்றால் சாதாவாகவே அழகாக நிற்கட்டும், தாளில் இருக்கிறபடி சாம்பல் துணியே தைத்துப் போட்டுவிடுவோம் என்று பின்சீட்டைக் கழற்றினாள். மேலே கறுப்பு ரெக்சின், முதலாளி காலத்தில், அப்பா வேலைக்குச் சேரும் முன்பே யாரோ போட்டது. அந்தச் சீட்காரன் நல்ல சோம்பேறி. பழைய உறையை முழுசாகப் பிரிக்காமல், சட்டத்தின் ஓரமாக வெட்டியெறிந்துவிட்டு அதன் மேலேயே புதுசை இழுத்துக் கட்டியிருந்தான். கிளிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். உள்ளே விரலகலத்துக்கு ஒரு தோல் துண்டு சட்டத்தைக் கவ்விக்கொண்டிருந்தது.

மெரூன் நிறம்.

அதற்கும் அடியில் வேறு உறை இருந்ததா என்று தேடினாள். ஸ்பிரிங் மேல் விரித்திருந்த அடிச்சாக்கில் அந்தத் தோலைக் கட்டிய ஓட்டைகள்தான் இருந்தன. சாம்பல் நூல் ஒன்றுகூட இல்லை. இந்தச் சீட் பிறந்ததே மெரூன் தோலோடுதான்.

மியூசியத்துக் குமாஸ்தா வரி மாற்றிப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, எண்ணை இன்னொரு தரம் சரிபார்க்கக் குனிந்தாள். தூசியைத் துடைத்த விரலில் ஏதோ நெருடியது. எண்ணைச் சுற்றி, உள்ளங்கை அளவுக்கு, பெயிண்டுக்கு அடியில் ஒரு மேடு. கத்தரிக்கோல் முனையால் சுரண்டினாள். மேடுபள்ளம் மறைக்கப் பூசிய பட்டி உதிர்ந்தது. பட்டிக்கு அடியில் வெல்டிங் கோடு, நாலு பக்கமும் சுற்றி வந்தது. நாலு மூலையும் வட்டமாக இருந்தன.

மூலையை வட்டமாக வெட்டுகிறவன் அந்த வட்டாரத்திலேயே ஒருத்தன்தான். "கூர்மையா விட்டா அங்கதான் முதல்ல விரிசல் விடும்" என்று கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

கத்தரிக்கோலும் கையுமாக அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளும் கூடவே கிடந்தாள். அப்போதுதான் இவன், "மாமா வர்றதுக்குள்ள வண்டித் தரையைப் புதுசாக்கி வைக்கிறேன்" என்றான். யாரும் கேட்காமலே செய்தான். அவள் கண்கலங்கிப் போனாள். அதே சமயம் கொட்டகையில் வேலைக்கு நின்றது பல் டாக்டரின் ஆல்டேரா. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், "மெரூன் தோல்தான் போடணும், ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லி அவளையே தைக்க வைத்தான். அவளும் ஒவ்வொரு தையலையும் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அந்த வருஷக் கண்காட்சியில் அந்த வண்டிதான் பரிசு வாங்கியது. காணாமல்போன ராயலைக் கண்டுபிடித்த டிங்கர் என்று சங்கம் அவனுக்குப் பொன்னாடை போர்த்திய போட்டோ கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்ததும் இல்லாமல், அதைக் கட்டு கட்டிக் கொடுக்க அவளையே கூப்பிட்டிருக்கிறது.

தடுப்பைத் தாண்டிப் போனாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள்.

"அப்பா வண்டியில இருக்கிற எண் டாக்டர் வண்டியோடதா?"

அவன் முதலில் அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தான். பிறகு தோல் துண்டைப் பார்த்தான். இரும்புக்காரன் இரும்பைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தான். சீட்டுக்குள் ஒரு சாட்சி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

"டாக்டர் வண்டி ராயல்தான்னு சங்கத்துல எல்லார் முன்னாலயும் அடிச்சுச் சொல்லிட்டேன். விசாரிச்சா சாதான்னு வருது. என் பேரே நாறிப் போயிருக்கும்." குரல் இறங்கியது. "மாமா வண்டியை விக்கவா போறாரு? யார் வந்து பார்க்கப் போறாங்கன்னு…"

"இது ராயல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணை அனுப்பிப் பார்த்தேன்."

"தாள் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அது எங்க?"

"டாக்டர்கிட்ட."

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் மாமனாரைக் கெடுத்திருக்கிறது. அப்பா சொன்னது அத்தனையும் நிஜம் என்று எழுதிய தாளைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, அவர் தோளில் கை வைத்து ஆறுதலும் சொல்லியிருக்கிறான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கை. அந்தக் கையை அவளால் பார்க்க முடியவில்லை.

"டாக்டர் வண்டி சர்வீசுக்கு வருது. அப்போ திரும்ப மாத்தி வெச்சிடறேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"எங்கப்பாவுக்குத் தெரியணும். வந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், உங்க வாயால சொல்லுங்க."

அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு வழக்கம்போல எழுந்து நின்றார். "வாங்க மாப்ள." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

"அப்போ முதலாளி பொய் சொல்லல," என்றார் அப்பா.

"இல்லப்பா."

"நானும் சொல்லல."

"நான்தாம்பா புத்தி கெட்டுப்போய் உங்களை…" என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மருமகனிடம் திரும்பினார்.

"அன்னைக்கு என் தோள்ல கை வெச்சீங்களே, அப்பவும் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா தன் தோளை ஒரு தரம் தடவிவிட்டுக்கொண்டார்.

"சாவியைக் குடு."

ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அது அவன் சாவிக்கொத்தில்தான் இருந்தது. வளையத்திலிருந்து கழற்ற முடியாமல் அவன் நகம் உடைந்தது. அப்பா அவசரப்படுத்தாமல் கையை நீட்டியபடி நின்றார். வாங்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய நல்ல சட்டையை எடுத்துப் போட்டு, கொட்டகைக்குப் போய், பின்சீட் இல்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் தோல் துண்டை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். கணவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"சங்கத்துக்கா போறீங்க? சொன்னா பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அவர் போறார், சரி. நீயுமா?"

"டாக்டர் வண்டிக்கு மெரூன் சீட் தைச்சது யாரு?" என்றாள் அவள். "நான் போய்ச் சொல்ல வேண்டாமா? கதவைத் திறங்க."

கொட்டகையின் இரும்புக் கதவு கனம். அவன் ஒருவனாகவே அதை முழுசாகத் தள்ளித் திறந்தான்.