வாசலில் செருகிய வேப்பிலை

இப்போதெல்லாம் ஒரு தும்மல் தும்மினால் எம்.சி. என் மருமகன் தங்கராஜு நேற்று கிளினிக்குப் போய் வயிற்று வலி என்று சொல்லி எம்.சி., அதுதான் டாக்டர் தருகிற லீவுச் சீட்டு, வாங்கி வந்தான். இன்று காலையில் கோயில் பந்தலுக்கு மூங்கில் தூக்குகிறான். வயிற்று வலிக்காரன் தூக்குகிற மூங்கிலா அது? கேட்டால், "சும்மா இருங்க மாமா, எல்லாரும் எடுக்கிறதுதான் லா" என்கிறான். டாக்டரும் நம்புகிறான், கம்பெனியும் நம்புகிறது. நான் எவனையும் நம்புவதில்லை.

சப்பான்காரன் காலத்தில் காய்ச்சல் என்று வீட்டில் படுத்தால் சயாமுக்குப் போக வேண்டும்.

அப்போது நான் லுக்குட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். வெள்ளைக்காரன் ஓடிப்போய்விட்டான். பால் மரங்களைப் பாதி வெட்டிப்போட்டு மரவள்ளி நட்டோம். விடியும்போது பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி நல்லசாமி பெயர் கூப்பிடுவார். சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு சப்பான்காரன் லாரியோடு வருவான். கங்காணி அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பெரட்டுக்கு வராமல் படுத்துக் கிடக்கிறவனைத்தான் முதலில் ஏற்றிவிடுவார். "இங்க படுக்கிறவன் அங்க போய்ப் படுக்கட்டும்" என்பார். போனவன் எவனும் அதுவரை திரும்பி வரவில்லை.

எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பெரட்டில் நிற்கும்போதே முழங்கால் ஆடியது. பக்கத்தில் நின்ற ராயப்பன் என் இடுப்புத் துணியைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினான். ராயப்பன் கூலி வீட்டு வரிசையில் அடுத்த லயத்துக்காரன். வேதக்காரன். நானும் அவனும் ஒரே கப்பலில் வந்தவர்கள். மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். பல் அடித்துக்கொண்டது.

வெளியே லாரி சத்தம் கேட்டது. என் பெண்டாட்டி பஞ்சாலை பின்பக்கமாக ஓடினாள். கோயில் மரத்தில் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து வந்து நிலைப்படிக்கு மேலே செருகினாள். அம்மை கண்ட வீட்டுக்குத்தான் அப்படிச் செருகுவது. அதைப் பார்த்தால் யாரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள்.

"எனக்கு எங்கடி அம்மா போட்டிருக்கு?" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டுப் படு. போட்டிருக்கு."

கங்காணியும் ஒரு சப்பான்காரனும் வந்தார்கள். சாக்கு இடுக்கில் எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு சோடி பூட்சு, ஒரு சோடி செருப்பு. செருப்பு கழன்றது.

"எப்பலேர்ந்து பஞ்சாலை?" கங்காணியின் குரல் இறங்கியிருந்தது.

"ராத்திரிதான் இறங்கினா கங்காணியாரே. மூஞ்சி முழுக்க முத்து."

"சாச்சார், துவான்" என்றார் கங்காணி. மலாயில் சாச்சார் என்றால் அம்மை, துவான் என்றால் துரை. சப்பான்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினான். பூட்சு போய்விட்டது. கங்காணி நின்று, "ஆத்தா, எங்க வீட்டுப் பக்கம் வந்துடாத தாயி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து இளநீரும் ஒரு சட்டிக் கூழும் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அரிசிக் கூழ். நாங்கள் கிழங்கைத் தவிர வேறு பார்த்து வெகு காலம். எங்கள் பங்கில் குறைத்த அரிசிதான் அவர் வீட்டில் இருந்தது, தோட்டத்துக்கே தெரியும். ஆத்தாவுக்கு வைத்ததை நான் குடித்தேன்.

பஞ்சாலை அம்மை வீட்டு முறை எல்லாம் செய்தாள். தாளிக்கவில்லை, தலை சீவவில்லை, என் பாய்க்குக் கீழே வேப்பிலை பரப்பினாள். ஊர் பார்க்கட்டும் என்று செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். கதவைச் சாத்திய பிறகும் விளக்கு முன்னால் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதையும் பார்த்தேன்.

ராயப்பன் வந்தான்.

"தங்கச்சி, இந்தா. ஆஸ்பத்திரி டிரசர் பெர்னார்ட்கிட்ட கெஞ்சி வாங்கினேன். குளிர்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை. இவனுக்கு அம்மையும் இல்ல ஆட்டுக்குட்டியும் இல்ல. பெரட்டுல இவன் ஆடின ஆட்டத்தை நான்தானே பிடிச்சு நிறுத்தினேன்."

"மெதுவாப் பேசுங்கண்ணே."

"கசக்கும். சீனி கேட்டான்னா வெளக்கமாத்தால ரெண்டு போடு."

பஞ்சாலை கை நீட்டவில்லை. "அம்மா இருக்கிற வீட்டுக்குள்ள மருந்து வரக்கூடாதுண்ணே."

"யாருகிட்ட கதை விடுற?"

"கொண்டு போயிடுங்க. அவ கோவிச்சுக்குவா."

ராயப்பன் எட்டி என்னைப் பார்த்தான். நான் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "அவ கோவிச்சுக்குவாளோ என்னமோ, இவன் செத்தான்னா நான் உன்னைக் கோவிச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

கங்காணியின் பெண்டாட்டி அப்போது தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள். அவள் காதுக்காகப் பஞ்சாலை அப்படிச் சொன்னாளா, இல்லை நிஜமாகவே பயந்துவிட்டாளா, எனக்குத் தெரியாது. கடைசிவரை கேட்டேன். சொல்லவில்லை.

லாரி மறுபடியும் வந்தது. என்னைத் தவிர லயத்தில் படுத்துக் கிடந்தவன் எவனும் இல்லை. என் வாசலில் வேப்பிலை இருந்தது. அதனால் பெரட்டில் நின்றவர்களில் ஆள் எடுத்தார்கள். குடும்பம் இல்லாதவன் என்று ராயப்பனை ஏற்றினார்கள்.

லாரி எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். "டேய் அர்ச்சுனா!" என்று ராயப்பன் என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. தெம்பு இல்லை. இருந்திருந்தாலும் வாசலில் போய் நிற்க முடியாது, முகத்தில் முத்து இல்லையே. கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சாலை கூழ் கொண்டுவந்தாள். குடித்தேன். உப்பு இல்லை என்று சொன்னேன்.

காய்ச்சல் தானாகத்தான் விட்டது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள், முறைப்படி மூன்று தண்ணீர். பிறகு பெரட்டுக்குப் போனேன். கங்காணி என் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார். ஒரு தழும்பு இல்லை.

"ஆத்தா உன்மேல நல்ல மனசு வச்சிருக்கா" என்றார்.

எல்லாம் தெரிந்து சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா? அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியாது. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. "நெருங்கி நில்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் ரயிலில் வருகிறார்கள் என்றார்கள். கெமாஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எலும்பும் தோலுமாக இறங்கினார்கள். ராயப்பன் இறங்கவில்லை. விசாரித்தேன், யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. அந்தக் கொயினா அவனுக்காவது உதவியதா என்று யாரைக் கேட்பது?

பஞ்சாலை மட்டும் தெளிவாக இருந்தாள். "முத்து வெளிய போடல. ஆத்தா உள்ளுக்குள்ளேயே விளையாடிட்டுப் போயிட்டா" என்பாள். "வேப்பிலையைச் செருகினதே நீதானேடி" என்றால், "செருகச் சொன்னது யாரு?" என்பாள். ஆடி தவறாமல் பால்குடம் எடுத்தாள். அவள் போன பிறகு மகள் வள்ளிநாயகி எடுக்கிறாள்.

இன்று பூசை முடிந்ததும் வள்ளிநாயகி மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவைச் சயாமுக்குப் போகாம காப்பாத்தினது இந்த ஆத்தாதான்!" என்றாள். சனம் கையெடுத்துக் கும்பிட்டது. பூசாரி என் கழுத்தில் மாலை போட்டு, "பெரியவரே, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

"அன்னைக்கு லாரி காலியாவா போச்சு?" என்றேன்.

மேளக்காரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். யார் காதிலும் விழவில்லை. பூசாரி தலையை ஆட்டிச் சிரித்தார்.

"உட்காருங்க மாமா, கூழ் ஊத்தப் போறாங்க" என்றான் தங்கராஜு.

மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். "எங்கேப்பா போறீங்க?" என்று வள்ளிநாயகி மைக்கிலேயே கேட்டாள். வாசல் தோரணத்து வேப்பிலை தலையில் தட்டியது. கையால் ஒதுக்கிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன்.