அஸீம் முகத்துப் பச்சைப் புள்ளி

எங்கள் கேமராவுக்கு இரண்டு நோய். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் படம் முழுக்க கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானல் மூடுபனி மாதிரி ஒரு வெளுப்பு படரும். அது முதல் நோய். சூரியனே படத்துக்குள் வந்துவிட்டால் எங்கேயாவது ஒரு பச்சைப் புள்ளி முளைக்கும். அது இரண்டாவது. இரண்டையும் குணப்படுத்துவதுதான் எங்கள் கடைசி வருஷ புராஜெக்ட். கேமரா என்றதும் கழுத்தில் தொங்குவதை நினைக்க வேண்டாம். போனுக்குள் சுண்டைக்காய் அளவில் இருக்குமே, அந்த ஜாதி.

குழுவில் மூன்று பேர். வெளுப்பு அஸீமுக்கு, புள்ளி எனக்கு, கணக்கும் ஸ்லைடும் தாரணிக்கு. கோயம்புத்தூரில் நடக்கும் புராஜெக்ட் கண்காட்சிக்குக் குழுவுக்கு இரண்டு பேர்தான் என்று எங்கள் கைடு நாச்சிமுத்து ஸார் சொல்லிவிட்டார். ஒருத்தி தாரணி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "கூட யாருன்னு நீயே சொல்லிரும்மா" என்று மிச்ச இடத்தையும் அவளிடமே விட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகப் பசி எடுக்கவில்லை. ஹாஸ்டல் சாப்பாட்டைப் பொறுத்தவரை அது நஷ்டமும் இல்லை.

அஸீமின் அப்பாவுக்குக் கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை. அவன் ஒரே வாரத்தில் வேலையை முடித்தான். மினுங்காத கறுப்பு மையை லென்ஸ் ஓரத்தில் சுற்றிப் பூசினான். லென்ஸுகளுக்கு நடுவே கறுப்புத் தாளில் வளையம் வெட்டி வைத்தான். உள்ளே கண்டபடி தெறித்துக்கொண்டிருந்த வெளிச்சமெல்லாம் அடங்கியது. வெளுப்பு போயே போய்விட்டது.

"செம்ம அஸீம்!" என்றாள் தாரணி. என்னை அவள் இதுவரை 'பரவால்ல' என்பதற்கு மேல் சொன்னதில்லை.

அவன் ஜெயித்ததுகூடப் பரவாயில்லை. பழனி அடிவாரத்தில் எங்களுக்குச் சந்தனக் கடை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், புது மொட்டை வெயிலில் கண்ணைக் கூச வைக்கும். சந்தனத்தை அப்பினால் அடங்கிவிடும். பளபளக்கிற இடத்தில் மங்கலாக எதையாவது பூசு என்பது எங்கள் குடும்பத் தொழில். அதை ஸ்வெட்டர் கடைக்காரர் மகன் எனக்கு முன்னால் செய்துகாட்டி, கைதட்டலும் வாங்கிக்கொண்டான்.

என் புள்ளிக்கும் மருந்து உண்டு. படம் பதிகிற சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அங்கே பட்ட வெளிச்சம் லென்ஸுக்குத் திரும்பிப் போய், மறுபடி வந்து விழுவதுதான் புள்ளி. தெறிப்பைக் குறைக்கும் பூச்சுப் போட்ட கண்ணாடியாக மாற்றினால் தீர்ந்தது. கண்ணாடி கூரியரில் வந்தும் விட்டது. நான்தான் அதைப் பையிலேயே வைத்திருந்தேன்.

காரணம், அதற்குள் புள்ளியின் பழக்கம் எனக்குப் பிடிபட்டிருந்தது. படத்தின் நடுவிலிருந்து சூரியன் இடது மேலே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, புள்ளி வலது கீழே அவ்வளவே தள்ளி விழும். எங்கள் கொடைக்கானல் கல்லூரியில் இவ்வளவு ஒழுக்கமானது வேறெதுவும் கிடையாது. அதை வீணாக்க மனசு வரவில்லை.

புள்ளியின் 'சிகிச்சைக்கு முன்' படங்கள் எடுக்க வெள்ளனே வட்டக்கானல் போனோம். ஒத்தையடிப் பாதையில் கல் படிகள். தாரணியும் அஸீமும் படியில் நின்றார்கள், கேமரா என் கையில்.

"அஸீமு, ஒரு படி எறங்கி நில்லுப்பா. இன்னும் கொஞ்சம் வலது பக்கம்."

"எதுக்கு மாப்ள?"

"சயின்ஸு."

முதல் படத்தில் புள்ளி அவன் மூக்கில் உட்கார்ந்தது. அடுத்ததில் பல்லில். அதற்கடுத்ததில் நெற்றியில், சாமி கும்பிட்டவன் மாதிரி. பல நாள் கழித்து அன்று இரண்டு தட்டு பிரெட் ஆம்லெட் சாப்பிட்டேன்.

புராஜெக்ட் ரிவியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம், லேபில் தாரணி படங்களை ஸ்லைடில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டேய் செல்வமுருகா, இங்க வா. எல்லாப் படத்துலயும் புள்ளி அஸீம் மூஞ்சியிலயே விழுது?"

"தற்செயல்" என்றேன்.

"நானும் கேக்கணும்னு இருந்தேன் மாப்ள" என்றான் அஸீம். "எங்கக்கா ஆஃப்ரா பாத்துட்டு, ஒனக்கு மட்டும் ஏன்டா பாசி புடிச்சிருக்குன்னு கேக்குது."

தாரணி முதல் படத்தில் சூரியனையும் புள்ளியையும் இணைத்து ஒரு கோடு போட்டாள். கோட்டின் நடுவை அடையாளம் வைத்தாள். அது அவளுடைய இரண்டு புருவங்களுக்கு மத்தியில் விழுந்தது. அடுத்த படத்திலும் அங்கேயே. அதற்கடுத்ததிலும்.

"அவன் மேல புள்ளி வைக்கணும்னா சூரியன் எந்த மூலையிலன்னு பாத்து வச்சிருக்க. அது புரியுது" என்றாள். "நடுவுல ஒரு மரத்த வச்சிருக்கலாம். பாறை கெடக்கு, அத வச்சிருக்கலாம். எல்லாத்துலயும் நான் எதுக்குடா?"

நான் என் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"அட, மாப்ள" என்றான் அஸீம், மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை. அவன் என் தோளில் கை போட்டான்.

"கேமராவக் குடு" என்றாள் தாரணி. "வெரசா வெளிய வாங்க, வெயில் போயிரும். ஒரு படம் நான் எடுக்கறேன்."

லேப் வாசலிலும் படிகள்தான். மலைக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"அஸீம், நீ நடுவுல நில்லு. செல்வமுருகா, நீ ஒரு படி எறங்கு. இன்னும் கொஞ்சம் வலது பக்கம்."

"எதுக்கு?"

"சயின்ஸு."

எடுத்துக் காட்டினாள். பச்சைப் புள்ளி என் மூக்கில், அளந்து வைத்தது போல. கோடு போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நட்ட நடுவில் அஸீம், அவன் கடை ஸ்வெட்டரில்.

"கோயம்புத்தூருக்கு ஸார்கிட்ட பேர் குடுத்துட்டியா?" என்றேன் தாரணியிடம்.

"காலையிலயே குடுத்துட்டேன்."

"அப்ப இந்தப் படம் எதுக்கு?"

"ஒனக்கு வாயால சொன்னா புரியாது" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பிடிக்கவில்லை.

நான் கேமராவை வாங்கிக்கொண்டு லேபுக்குள் போய், பையிலிருந்து பூச்சுப் போட்ட கண்ணாடியை எடுத்து அதில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

"ஏலே, இது எப்ப வந்துச்சு?" என்றான் அஸீம்.

"இப்பதான்."

சோதித்துப் பார்க்க ஒரு படம் வேண்டும். அவர்கள் இருவரும் மேல் படியில் நின்றார்கள். சூரியனை இடது மேல் மூலையில் வைத்தேன். புள்ளி விழ வேண்டிய இடத்தில் படி மட்டும் தெரிந்தது.

மறுநாள் ரிவியூவில் நாச்சிமுத்து ஸார் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகத் தேடினார். "புள்ளியும் இல்ல, வெளுப்பும் இல்ல. ஒரு குறை சொல்ல முடியாதுப்பா" என்றார்.

அஸீம் கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் தாரணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. எனக்கு அவன் கண்ணிமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.