நன்றாக எழுதிவிட்ட மனு

தீர்ப்பின்படி தையல்காரர் நாற்பது நாளுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். விசாரணையின்போது உள்ளே இருந்த ஏழு மாதத்தைத் தண்டனையில் கழிக்கச் சொல்லியிருந்தார் நீதிபதி. சிறை அலுவலகம் கழிக்கவில்லை.

பக்கத்து அறையில் ஒரு பத்திர எழுத்தர் இருந்தார். போலிப் பத்திரம் எழுதி உள்ளே வந்தவர்; ஆனாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தையல்காரருக்காகப் பதினோரு பக்கத்தில் ஆட்கொணர்வு மனு எழுதி, நீதிமன்றமே ஒரு வக்கீலை அமர்த்தித் தர வேண்டும் என்றும் கேட்டார்.

பதில் வந்தது: 'மனுதாரர் சட்டம் நன்கு அறிந்தவராகத் தெரிகிறார். தாமே வாதாடலாம்.'

எழுத்தர் அதை எல்லா அறைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

"அண்ணே, நீங்க எழுதினதுல எனக்கு ஒரு வரிகூடப் புரியல. ஜட்ஜ் முன்னாடி நின்னு நான் என்னத்தப் பேசுறது?" என்றார் தையல்காரர்.

"இரு தம்பி, இன்னொண்ணு போடுவோம்."

இரண்டாவது மனு இன்னும் அழகாக இருந்தது. அதே பதில்தான்.

மூன்றாவதைத் தையல்காரரே எழுத உட்கார்ந்தார்.

"உனக்கு ஒற்றெழுத்தே வராதே."

"அதான் வேணும்ண்ணே."

அரைப் பக்கம் எழுதினார். 'அய்யா முன்னாடி வந்த மனு ரெண்டும் நான் எழுதலை எனக்கு சட்டை தைக்க தெரியும் சட்டம் தெரியாது ஏழு மாசத்தை கழிக்க மாட்டேங்கிறாங்க ஒரு வக்கில் குடுங்க.'

எழுத்தருக்குக் கை பரபரத்தது. "ஒரே ஒரு கமா போட்டுக்கறேன்."

தையல்காரர் தாளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பதாம் நாள் ஒரு வக்கீலம்மா வந்தார். இரண்டே கேள்வி கேட்டார். நீதிமன்றத்தில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அந்த ஏழு மாசம் எங்கே?" என்று நீதிபதி கேட்க, சிறை அதிகாரி கோப்பை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுத் தலைகுனிந்தார்.

அன்று மாலை விடைபெற வந்த தையல்காரரிடம் எழுத்தர் மெல்லக் கேட்டார்: "வக்கீலம்மா என் மனுவப் படிச்சாங்களா?"

"ரெண்டு தடவை படிச்சாங்கண்ணே."

முதல் தடவை புரியவில்லை என்று அவர் சொன்னதைத் தையல்காரர் சொல்லவில்லை.

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கும் வக்கீல் கேட்டு நாலு மனு போட்டேன், நாலும் திரும்பி வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. நீ போறதுக்குள்ள ஒண்ணு எழுதிக் குடேன்."

வெளிக்கதவு திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. தையல்காரர் தரையில் உட்கார்ந்து, எழுத்தர் சொல்லச் சொல்ல, அதில் முக்கால்வாசியை விட்டுவிட்டு எழுதினார்.