வேடியப்பன் அமுக்கும் பட்டன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் தற்பெருமையில் பிறந்தது. கள்ளக்குறிச்சியில் தீனதயாளன் நடத்தும் போட்டித்தேர்வுப் பயிற்சி மையத்துக்கு நான்தான் தமிழ்ப் பாடங்களைப் பேசிப் பதிவு செய்து தருகிறேன். மாணவர்கள் மையத்தின் இணையதளத்தில் நுழைந்து, பாடத்தின் பக்கத்தைத் திறந்து, அதிலிருக்கும் பச்சைப் பட்டனை அமுக்கினால், என் குரல் ஒரு கோப்பாக அவர்கள் போனுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கல்வராயன் மலையில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டே என் இலக்கணப் பாடத்தைக் கேட்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது என்கிறாள் என் மனைவி கமலா. மாறட்டுமே. திருக்கோவிலூரில் வேறு யாருடைய குரல் மலையேறியிருக்கிறது?

அப்படிப்பட்ட எனக்கு ஒரு நாள் செய்தி வந்தது: மலையில் இப்போது யாரும் உங்கள் பாடத்தைக் கேட்பதில்லை. சுருக்கென்று தைத்தது. ஏன் என்று கேட்கக் கிளம்பினேன். போன இடத்தில் என்னைவிடப் பெரிய கர்வக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கதை அவர்களுடையதாகிவிட்டது.

2

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரி:

கல்வராயன் மலையில் மூடுபனி மெல்ல விலகியபோது

(வேண்டாம். பனி விலகாமல் தொடங்கும் மலைக்கதையை நான் இன்னும் படித்ததில்லை.)

இரண்டாவது:

இணையம் என்னும் எல்லையற்ற பெருங்கடலில் ஒரு சிறு கோப்பு

(கடலில் கோப்பு என்ன செய்யும்? நனையும். அடுத்தது.)

மூன்றாவது: சங்கவி எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லை.

இது நிற்கும், ஏனென்றால் இது உண்மை. சங்கவி வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர்க்காரி. விடுதியில் தங்கிப் படித்து, கணினியில் பட்டம் வாங்கி, தீனதயாளன் மையத்தின் இணையதளத்தைத் தன்னந்தனியாக எழுதியவள். சென்னைக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்யும் வேலையை இவள் ஒருத்தி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், மின்விசிறி கடகடக்கச் செய்திருக்கிறாள். எங்கள் மாவட்டத்துக்கு இதைச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை. அதனால் நான் சொல்லிக்கொள்கிறேன்.*

* ஆரம்பத்தில் பட்டனைத் தொட்டால் என் பாடம் அங்கேயே பாட ஆரம்பித்துவிடும். பக்கத்தை மூடினால் பாடமும் போய்விடும். "இது பாத்துட்டுப் போறதுக்கு இல்ல, வச்சிக்கறதுக்கு" என்று தளத்தின் சர்வர் போனுக்குக் கோப்போடு சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியனுப்ப வேண்டுமாம். சங்கவி அதைச் சேர்த்தாள். கோப்பும் வாய்க்கு வராத எண்ணோடு வராமல் தமிழ்ப் பெயரோடே இறங்கியது. பெயரில் என் பெயரும் இருந்தது. அதை நான் கேட்டு வாங்கினேன்.

அவளுடைய பெரிய கர்வம் வேறொன்று. முன்பு யாரோ ஒரு மாணவர் கோப்பின் இணைப்பை எடுத்து வெளியே கொடுத்துவிட, எங்கள் பாடம் ஊரெல்லாம் சுற்றியது. தீனதயாளன் கொதித்துப் போனார். சங்கவி ஒரு பூட்டுப் போட்டாள். பக்கத்தைத் திறக்கும்போதே பட்டனுக்குப் பின்னால் அந்த மாணவருக்கென்று ஓர் இணைப்பு பிறக்கும். கால் மணி நேரத்தில் அது செத்துவிடும்.

"அப்புறம் யாரு எடுத்து யாருக்குக் குடுத்தாலும் அது செத்த பாம்புதான் சார்" என்றாள்.

தீனதயாளன் மேசையைத் தட்டினார். நானும் தட்டினேன். அதற்குப் பிறகுதான் மலை மௌனமானது.

3

என் முன்னாலேயே சங்கவி ஊருக்குப் போன் போட்டாள். எடுத்தது பழனியம்மாள், அவளுக்கு அக்கா முறை, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள்.

"பாடமா? எங்கடி வருது? வேடியப்பன் மாமா சரியா அமுக்கறதில்ல. சும்மா எடுத்துக்கினு போவுது, சும்மா எடுத்துக்கினு வருது. பையயே திருப்பி வாங்கிக்கினோம்."

"எந்தப் பை?" என்றாள் சங்கவி.

சங்கவி விடுதிக்குப் போன பிறகு அவள் ஊரில் உண்டான பழக்கம் அது. அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. ஊருக்குள் போனில் பேச மட்டும்தான் முடியும்; ஊர் முனைப் பாறை மேட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் திறக்கிற அளவுக்கு சிக்னல் வரும். ஆனால் அதில் பாடம் இறங்காது. ஆகவே படிக்கிறவர்கள் அங்கே நின்று பக்கத்தைத் திறந்து, பட்டன் தெரிகிற மாதிரி வைத்து, திரைப்பூட்டை எடுத்துவிட்டு, போன்களை ஒரு பையில் போடுவார்கள். வேடியப்பன் கள்ளக்குறிச்சியில் ஒரு காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர், தினம் முதல் பஸ்ஸில் இறங்குகிறவர். பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததும் ஒவ்வொரு போனாக எடுத்துப் பட்டனை அமுக்குவார். சாயங்காலம் பாடங்கள் மலையேறும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்பு பை கொண்டு போன ஒருவன் யாருடைய போட்டோக்களையோ திறந்து பார்த்து, ஊரே இரண்டுபட்டது. வேடியப்பன் பையை வாங்கும்போது எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: பட்டனை மட்டும்தான் தொடுவேன். அவர் கையிலிருந்தால் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி என்று வீட்டுக்கு வீடு சொல்வார்களாம். பெண்கள் நம்பிப் போனைக் கொடுத்தார்கள்.

மலையிலிருந்து பஸ் இறங்கக் கால் மணி நேரம் போதாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சங்கவிக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, எல்லாப் போன்லயும் நான் எழுதுன வரிதான் வந்திருக்கும்."

"என்ன வரி?"

"'நேரம் கடந்துவிட்டது.'"

சாயங்காலம் போனை வாங்கிப் பார்த்த ஊர் என்ன நினைக்கும்? வேடியப்பன் மண்டியில் தன் வேலையைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறும்போது ஞாபகம் வந்து அமுக்கியிருக்கிறார் என்று நினைக்கும். அப்படித்தான் நினைத்தது. அந்த வாசகத்தை எழுதியது சங்கவி. பழி வேடியப்பன்மேல் விழுந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு வேடியப்பன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனிதராக அல்ல, பாத்திரமாக. முதல் பிரதியில் சங்கவி மண்டிக்குப் போய், "மாமா, திரைய ஒருதரம் கீழ இழுத்து வுடு, புது இணைப்பு வந்துடும்" என்று சொல்கிறாள். அவர் தலையாட்டுகிறார். கதை இரண்டே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. அச்சுக்குத் தயார். யாருக்கும் வலியில்லை.

நடந்தது அதுவல்ல. நான் பக்கத்தில் நின்றேன்.

வேடியப்பன் முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், நிமிர்ந்த முதுகு.

"பஸ்ஸ வுட்டு எறங்கனதும் அமுக்கனேன் பாப்பா. டீ கூட குடிக்கல. செவப்பா இன்னாமோ வந்துது."

"இன்னா வந்துதுன்னு படிச்சியா மாமா?"

"நான் ஏன் படிக்கறேன்? அடுத்தவங்க போனு."

"ஊர்ல கேட்டப்போ இதச் சொல்லக் கூடாதா?"

"அமுக்கனேன்னு சொன்னேன். அதுக்கு மேல இன்னா சொல்றது? என் வார்த்தைய நம்புனாத்தான பைய குடுத்தாங்க? நம்பலன்னா வச்சிக்கட்டும்."

அப்போதுதான் அவள் அந்தக் கீழே இழுக்கிற யோசனையைச் சொன்னாள். விரலைத் திரையில் வைத்து ஓர் இழுப்பு. குழந்தை செய்யும்.

"மாட்டேன்" என்றார்.

"மாமா, அதுல ஒண்ணும் தெரியாது. யாரு போட்டோவும் வராது."

"உனக்குத் தெரியும் வராதுன்னு. குடுத்தவங்களுக்குத் தெரியுமா? இன்னிக்கி இழுக்கறதுன்னு சொல்லுவ, நாளைக்கி தொறக்கறதுன்னு சொல்லுவ. பட்டன மட்டும்னு சொல்லிக்கிறேன். அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதி அடித்திருக்கிறேன். கோபமில்லை, பொறாமை. நான் பேசிய வார்த்தைகள் ஆயிரக்கணக்கில் கோப்பு கோப்பாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றுக்காவது நான் இப்படி நின்றிருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

5

(இங்கே சங்கவியின் மனப்போராட்டம் என்று ஒரு பத்தி இருந்தது. அவள் படித்துவிட்டு, "நான் போராடவே இல்லிங்க ஐயா, நேரா போயி வேல பாத்தேன்" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.)

தீனதயாளன் முதலில் சிரித்தார்.

"ஏம்மா, ஒருத்தரு விரலக் கீழ இழுக்க மாட்டேங்கறாருன்னு நீ சாஃப்ட்வேர மாத்துவியா?"

"ஆமா சார். அவரு இழுக்காம இருக்கறதாலதான் அத்தன வூட்டுப் பொண்ணுங்க நம்பி போன குடுக்குறாங்க. அவரு மாறுனா பையே கெடையாது. நான் மாறுனா ஒரு நாலு வரிதான்."

"பூட்ட எடுத்துட்டா மறுபடியும் திருடுவானுங்களே?"

"பூட்ட எடுக்கல சார். கடிகாரத்த எடுக்கறேன்."

அவள் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஒரு மாணவருக்கு ஒரு பாடத்துக்கு ஒரே இணைப்புதான்; அது இனி நேரம் பார்த்துச் சாகாது. கோப்பு முழுசாகப் போய்ச் சேரும் வரை உயிரோடிருக்கும். ஒரு முறை முழுசாகப் போய்விட்டால் அப்போது மூடிக்கொள்ளும். நடுவில் அறுந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். இணைப்பை இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுத்தால், அவன் இறக்கிய மறுகணம் கொடுத்தவனுக்குப் பாடம் கிடையாது. தன் பாடம் தனக்கே கிடைக்காது என்றால் எவன் கொடுப்பான்?

தீனதயாளன் மேசையைத் தட்டினார். இந்த முறை நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

காலையில் ஒரு போனில் பக்கத்தைத் திறந்து இழுப்பறையில் போட்டாள். சாயங்காலம் எடுத்துப் பட்டனை மட்டும் அமுக்கினாள். என் குரல் இறங்கியது. முகத்தில் அவ்வளவு பெருமையோடு வேறு யாரும் என் இலக்கணப் பாடத்தைக் கேட்டதில்லை.

"தளத்துல ஒரு அறிவிப்பு போட்டுடலாம்மா, தொழில்நுட்பக் கோளாறு சரி செய்யப்பட்டதுன்னு" என்றார் தீனதயாளன்.

"வேணாம் சார். அவர அசிங்கப்படுத்துனது எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல. அங்க போயிதான் சொல்லணும். கோளாறு இல்ல, நான்தான்னு."

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) சங்கவி பேசுகிறாள், ஊர் கண்கலங்குகிறது, வேடியப்பனுக்குத் துண்டு போர்த்துகிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எங்கள் பக்கம் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் கண் கலங்காது.

(ஆ) பையை நீட்டுகிறார்கள், வேடியப்பன் வாங்க மறுத்து விறுவிறுவென்று நடந்து போகிறார். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. புல்லரித்ததால் சந்தேகப்பட்டேன். அவர் போய்விட்டால் பழனியம்மாளின் பாடம் என்னாவது? கதாசிரியனின் புல்லரிப்புக்காக ஒருத்தி தேர்வில் தோற்க வேண்டுமா?

(இ) நடந்தது. அதை இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

சனிக்கிழமை சங்கவியோடு மலையேறி, அவர்கள் வீட்டில் தங்கி, விடிந்ததும் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தேன். ரோட்டின் இந்தப் பக்கம் போன் கொடுத்த பெண்கள், பையன்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். முன்னால் பழனியம்மாள், கையில் பை. எதிர்ப்பக்கம் ஒரு பலா மரத்தடியில் வேடியப்பன். வேலைக்குப் போக அவருக்கும் அதே பஸ்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சங்கவி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மாமா நேரத்துக்குத்தான் அமுக்கிச்சி. பஸ்ஸு எறங்கறதுக்குள்ள செத்துப்போற மாதிரி நான்தான் செஞ்சி வச்சிட்டேன். 'நேரம் கடந்துவிட்டது'ன்னு எழுதுனதும் நான்தான். இந்த ஊர்ல பொறந்துட்டு இந்த ரோடு எவ்ளோ தூரம்னு நெனச்சிப் பாக்கல. இப்ப மாத்திட்டேன். சாயங்காலம் அமுக்குனாலும் எறங்கும்."

வளைவில் பஸ் சத்தம் கேட்டது. பழனியம்மாள் பையைப் பார்த்தாள், எதிரே அந்த முதுகைப் பார்த்தாள். பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். நடுவில் ரோடு, பத்தடி கூட இருக்காது. யாராவது ஒருவர் தாண்ட வேண்டும். இவர்கள் போய்க் கொடுப்பதா, அவர் வந்து வாங்குவதா? பழி சொன்னவர்களுக்கும் முதுகு நிமிர்ந்தே இருந்தது, பழி சுமந்தவருக்கும் நிமிர்ந்தே இருந்தது.

தாண்டினார்கள். யார் தாண்டியது, என்ன சொன்னார்கள், பதிலுக்கு என்ன வந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். பஸ்ஸின் முன்படியில் நின்றிருந்தேன், ஒரு வார்த்தை தவறவில்லை. அதை எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று அடித்துச் சொல்வேன். வழக்கம்போல சங்கவியிடம் படிக்கக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் செஞ்ச தப்ப எழுதிக்கோங்க. என் பேரப் போட்டே எழுதுங்க. மாமா பேரையும் போடுங்க, அதுக்குப் பெருமதான். ஆனா எங்க ஊருக்காரங்க ஒருத்தருக்கொருத்தரு இன்னா சொல்லிக்கினாங்கன்றது எங்களோடது. அத யாரும் எறக்கிக்க வேணாம்."

நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வாசகரே, பஸ் நின்றுகொண்டிருக்கிறது, டிரைவர் மறுபடியும் ஹாரன் அடிக்கிறார். ரோட்டைத் தாண்ட வைப்பது இனி உங்கள் பொறுப்பு.