கட்டம் விழுந்த முகங்கள்

ஸ்டுடியோக்காரர் தன் கடையிலிருந்த படங்களையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றி முடித்த மறுநாள் காலை, கைக்குழந்தைகள் உட்பட ஊரில் அத்தனை பேரின் முகத்திலும் கட்டங்கள் விழுந்திருந்தன. தக்காளி விலை அன்று கொஞ்சம் இறங்கியிருந்தது. நெற்றி, கன்னம், மோவாய் எல்லாம் தரையில் ஓடு பதித்ததுபோல் சதுரம் சதுரமாக இருந்தன. ஒவ்வொரு சதுரமும் ஒரே நிறம். வலியில்லை. சவரக்கடைக்காரர் மட்டும் மூலைகளில் கத்தி தட்டுகிறது என்று சொன்னார்.

நடந்தது இதுதான். கேமராவிலிருந்து வரும் ஒவ்வொரு படமும் யானை கனம். ஊரார் அத்தனை பேரின் முகமும் இருந்த ஹார்டு டிஸ்க் நிரம்பி வழிந்தது. மொத்தத்தையும் சிறிய கோப்புகளாக மாற்றினால் இடம் கிடைக்கும். அவருடைய கம்ப்யூட்டருக்கு இணைய இணைப்பு கிடையாது. தன் கடையிலிருந்து ஒரு படம்கூட வெளியே போகாது என்பது அவருடைய பெருமை. பெண்ணைப் பெற்றவர்கள் அதை நம்பித்தான் அவரிடம் வந்தார்கள். அதனாலேயே எந்தப் படத்துக்கும் வேறெங்கும் நகல் இல்லை. எல்லா ஃபோல்டர்களையும் தேர்வு செய்து, ‘மாற்றியபின் மூலத்தை அழி’ என்பதற்கு டிக் போட்டு, ஓடவிட்டுச் சாப்பிடப் போனார். முன்தினம் யாருக்கோ நகத்தளவுப் படங்கள் செய்யத் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார். அதை ஏற்றிவைக்க மறந்துபோனார்.

யார் வேலை இது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வழுவழுவென்று மிச்சமிருந்த முகம் அவருடையது ஒன்றுதான். தொழிலுக்கு வந்த நாள்முதல் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவர் ஒரு படத்திலும் இல்லை. டீக்கடைக்கு அவர் போனால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றியதாக மாறிவிடும். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பல்வலிக்காரர்போல் கைக்குட்டையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு நடமாட ஆரம்பித்தார். ஒருமுறை தரத்தை உச்சத்துக்கு ஏற்றி எல்லாவற்றையும் மறுபடி மாற்றிப் பார்த்தார். போன முகம் போனதுதான். கோப்புகள் மட்டும் கனத்தன. மறுநாள் ஊரே தலை கனத்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் வாசலில் நின்றது. அவசரமாகப் பழையபடி இறக்கிவைத்தார்.

எல்லாவற்றையும்விட அவரை அறுத்தது மாடியிலிருந்து வந்த அழுகை. கடைக்கு மேலே அவருடைய அக்கா குடியிருந்தாள். அவள் மோவாயில் மிளகளவு மச்சம் ஒன்று உண்டு. அதை இரண்டு விரலால் பிடித்தால்தான் அவளுடைய சின்னப் பெண்ணுக்குத் தூக்கம் வரும். இப்போது மச்சம் ஒரு மாநிறச் சதுரத்துக்குள் கரைந்துவிட்டது. குழந்தை தடவித் தடவிப் பார்த்துவிட்டு அழும். வழுவழு முகத்தோடு மாமா தூக்க வந்தால், அந்நியனைக் கண்டதுபோல் திமிறும்.

வாரங்கள் போயின. குழந்தை அம்மாவின் மோவாயில் ஒரு சதுரத்தின் மூலையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ளப் பழகியது. ஊரும் பழகியது. அவர் மட்டும் கைக்குட்டையை அவிழ்க்கவில்லை. ஒருநாள் அக்கா கடைக்கு இறங்கி வந்தாள்.

“இன்னும் எத்தன நாளைக்குடா இந்தக் கட்டு?”

“உங்களயெல்லாம் எப்படிக்கா நேரா பாக்கறது?”

“நாங்க பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்?”

அவர் கைக்குட்டையை அவிழ்த்து, கேமராவை அவளிடம் நீட்டி, முதல்முறையாகத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அக்கா முதல் படத்தில் தலையை வெட்டினாள்; இரண்டாவது சரியாக வந்தது. அவரே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தரத்தை அடிமட்டத்தில் விட்டு, மூலத்தை அழிக்கச் சொல்லி டிக் போட்டார். ஒரே ஒரு படம் என்பதால் கண்ணிமைப்பதற்குள் முடிந்தது.

விடிந்ததும் கண்ணாடி பார்க்காமலேயே டீக்கடைக்குப் போனார். டீ ஆற்றியவர் ஒருகணம் பார்த்துவிட்டு, மேலத்தெருத் தையல்காரர் மாப்பிள்ளையிடம் ஏமாந்த கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். திரும்பி வந்தபோது அக்கா கைவேலையாக இருந்தாள். சிணுங்கிய குழந்தையை அவரிடம் தள்ளினாள். அது திமிறவில்லை. அவர் மோவாயில் விரல்களை ஓட்டி, தோதான ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியது.

“ஆடாம நில்லு,” என்றாள் அக்கா.

வாழ்க்கை முழுவதும் மற்றவர்களிடம் சொன்னதை அவர் அன்று செய்தார். ஸ்டுடியோ மதியத்துக்குமேல் திறந்தது.