வியர்வைப் பட்டை

மாட்டுப் பண்ணை ஊரான வில்லாராவில் தொப்பி வாங்கப் போகிறவன் நாக்கை அடக்கிக்கொண்டுதான் கடைக்குள் நுழைவான். கிளெனிஸ் ஹார்ட்டிகனின் வாய் அப்படி. முப்பது வருஷமாகச் சேணக்கடையின் தொப்பிப் பக்கம் அவள் ராஜ்ஜியம். எவனாவது, "அந்த மேல இருக்கிறது கொஞ்சம் உசரமா வேணும்" என்றுவிட்டால் தொலைந்தான்.

"மேல இருக்கிறதுக்குப் பேர் கிடையாதா? மண்டை! மண்டை உச்சியில விழறது பள்ளம். முன்னாடி ரெண்டு விரல் அழுத்தின மாதிரி இருக்கிறது கிள்ளு. சுத்தி நிக்கறது விளிம்பு. வெளியில கட்டியிருக்கிறது நாடா, உள்ள நெத்தியில படற தோல் வியர்வைப் பட்டை. உன் பொண்டாட்டியையும் 'அந்த வீட்ல இருக்கிறது'ன்னுதான் கூப்பிடுவியா?"

வாங்க வந்தவன் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பான். வாங்காமல் போனவன் மட்டும் ஒருத்தனும் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் யாரையும் திட்டவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுத் தொலைபேசி வெள்ளத்தில் செத்துப்போய்விட்டது. கடையில்தான் உயிர் இருந்தது. வில்லாராவில் ஒரு பொட்டு மழை கிடையாது. வடக்கே எங்கோ கொட்டியது எல்லாம் சேர்ந்து, நல்ல வெயிலில், சத்தமில்லாமல் ஓடைக்குள் வந்து நிறைந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவள் தம்பி டூகல், ஓடையோரத் தாழ்நில வேலிக்குள் மாட்டிக்கொண்ட அறுபது மாடுகளைத் திறந்துவிடப் போனான். புதன்கிழமை அவனுடைய நாலு சக்கர பைக் ஓடையில் தலைகீழாகக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அம்மா போனபோது டூகலுக்கு ஆறு வயசு, கிளெனிஸுக்குப் பதினெட்டு. இவள்தான் வளர்த்தாள். இன்றைக்கு அவனுக்கு நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து ஆட்டுக்கறி வறுவலைத் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போவான். அவனை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒன்பதரைக்கு மணி அடித்தது.

"மேடம், கான்ஸ்டபிள் பெவன் பேசறேன். படகுல இருந்து. உங்க கூட யாராவது இருக்காங்களா?"

பெவன் பிரிஸ்பேன்காரன், வில்லாராவுக்கு வந்து மூன்று வாரம். அரசாங்கம் கொடுத்த அகன்ற தொப்பியைத் தலையில் வைத்திருந்தானே தவிர, அதன் உள்ளே ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"கூட யாராவது இருக்காங்களான்னு கேக்கறவன் நல்ல சேதி சொல்ல மாட்டான்" என்றாள் கிளெனிஸ். "பரவால்ல, சொல்லு தம்பி."

"ஒரு தொப்பி கிடைச்சிருக்கு மேடம். உள்ள டி, எச்னு சூடு போட்டிருக்கு."

அந்தச் சூட்டைப் போட்டவளே அவள்தான். கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க?"

"கிழக்குக் கரையில, காத்தாலை பக்கத்துல, மாட்டுத் தண்ணித் தொட்டி மேல. வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கியிருக்கு. சார்ஜென்ட் கீழ்ப்பக்கம் போகச் சொல்றாரு. மரமெல்லாம் அடைச்சுக் கிடக்குல்ல, அங்க..."

மேலே சொல்லத் தேவை இல்லை. கீழ்ப்பக்கம் மரம் அடைத்த இடத்தில் உயிரோடு இருக்கிறவனை யாரும் தேடுவதில்லை என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"தொப்பி எப்படி இருக்கு?" என்றாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வேறு எதைக் கேட்பது?

"பாழாப்போச்சு மேடம். உள்ள இருந்த தோலெல்லாம் பிஞ்சு வெளியில வந்திருச்சு. மத்தபடி அந்தச் சுத்தி இருக்கிறது, அது நல்லாத்தான் இருக்கு."

கிளெனிஸ் நிமிர்ந்தாள்.

"சுத்தி இருக்கிறதுன்னா விளிம்பா, நாடாவா?"

"அதான் மேடம், தட்டையா..."

"விளிம்பு. கோணியிருக்கா?"

"இல்ல. புதுசு மாதிரி நேரா இருக்கு."

"ஈரமா?"

"நல்லா காஞ்சிருக்கு."

ரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பி தண்ணீரில் ஊறி, தானாகத் தரையில் காய்ந்தால் விளிம்பு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். நேராகக் காயவே காயாது.

"தம்பி, நான் கேக்கறதுக்கு மட்டும் நிதானமா பதில் சொல்லு. உள்ள இருக்கிற தோலுக்குப் பேரு வியர்வைப் பட்டை. விளிம்பும் மண்டையும் சேர்ற இடத்துல அதுக்குத் தையல் ஓடும். அந்தத் தையலைப் பாரு. விட்டிருக்கா?"

பிளாஸ்டிக் பை சரசரத்தது.

"இல்லையே... தையல் சுத்தி முழுசா இருக்கு மேடம்."

"அப்ப பிஞ்சுதுன்னு எந்த வாயால சொன்ன? பட்டை எப்படி இருக்கு? ஒரு பக்கம் மட்டும் தொங்குதா, இல்ல சட்டைக் கை மடிச்ச மாதிரி சுத்திச் சமமா வெளியில திரும்பியிருக்கா?"

"இப்ப பையில போட்டு நசுங்கியிருக்கு. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தேன். இருங்க... சுத்தி சமமாத்தான் திரும்பியிருக்கு. அந்தத் தோல் மேலதான் தொப்பி நிக்குது. விளிம்பு கீழயே படல. அந்தரத்துல இருக்கு."

கிளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கடவுளே, கடவுளே என்று இரண்டு தடவை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகூடக் கோயில் பக்கம் போகாதவள்.

"ஷீஹன்கிட்ட போனைக் குடு."

சார்ஜென்ட் ஷீஹன் இருபது வருஷமாக அந்த ஊர்க்காரர். டூகலோடு மீன் பிடித்தவர். குரலே உடைந்துபோயிருந்தது.

"கிளெனிஸ், உன்னையே நீ வதைச்சுக்காதம்மா. மத்தியானம் தண்ணி திரும்ப ஏறுதாம். அதுக்குள்ள கீழ..."

"வாயை மூடிட்டு நான் சொல்றதைக் கேளு! தொப்பியை நீ கண்ணால பாத்தியா?"

"பெவன்தான் பாத்தான். நான் படகைப் பிடிச்சிட்டிருந்தேன். பையில போட்டுத்தான் கொண்டுவந்தான்."

"வியர்வைப் பட்டையை வெளியில திருப்பி, அது மேல நிக்க வெச்சிருக்கு."

மறுமுனையில் சார்ஜென்ட் கத்திய கத்தலில் கிளெனிஸே போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

"ஏன்டா பெவன், பட்டை திருப்பியிருந்துச்சா? ஏன்டா சொல்லல?"

"தோல் வெளியில வந்திருக்குன்னு சொன்னேனே சார்."

"பிஞ்சு வந்திருக்குன்னுதானடா சொன்ன! நனைஞ்ச தொப்பியை அப்படித்தான்டா காய வெப்போம், இங்க ஒவ்வொருத்தனும்! வெள்ளமா வந்து பட்டையைத் திருப்பி நிக்க வெச்சிட்டுப் போகும்?"

"ஷீஹன்" என்றாள் கிளெனிஸ். "அவன் நீந்திக் கரையேறியிருக்கான். உக்காந்து தொப்பியைக் காயப் போட்டிருக்கான்."

"சரிதாம்மா. ஆனா..." அவர் தயங்கினார். "ரெண்டு நாள் ஆச்சு. நடந்து போயிருந்தா இந்த வெயில்ல தொப்பியை விட்டுட்டா போவான்? நாங்க அங்க நின்னு கூப்பிட்டும் பாத்தோம். பதிலே இல்ல."

அவர் சொன்னது நியாயம். கிளெனிஸ் கடைச் சுவரில் வரிசையாக இருந்த தொப்பிகளை வெறித்துப் பார்த்தாள். அவள் கடையிலும் ஈரத் தொப்பியைக் காய வைப்பதுண்டு. காய வைத்துவிட்டு என்ன செய்வாள்? தேநீர் போடப் போவாள். அவ்வளவுதான்.

"அவன் நடந்து போகல" என்றாள். "தொப்பியைக் காயப் போட்டவன் திரும்பி வரத்தான் எழுந்து போயிருப்பான். அஞ்சு நிமிஷ வேலைக்கு. அங்கேயேதான் எங்கயோ இருக்கான். ஓடைத் தண்ணி முழுக்கச் சேறு. அவனுக்குத் தாகம் எடுத்திருக்கும். காத்தாலை பக்கத்துல நல்ல தண்ணி எங்க இருக்கு?"

"மாட்டுத் தொட்டிலயும் சேறு ஏறிக் கிடக்கு. மண்கரைத் தொட்டிதான்..." என்ற ஷீஹன் அப்படியே நிறுத்தினார்.

காற்றாலை இறைக்கிற தண்ணீரைச் சேர்த்துவைக்க, வட்டமாக மண்ணைக் குவித்துக் கட்டிய தொட்டி அது. இரண்டு ஆள் உயரக் கரை. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. உள்பக்கம் களிமண், நனைந்தால் வழுக்குமரம்தான்.

"மேல ஏறிப் பாத்தீங்களா?"

"இல்ல" என்றார் ஷீஹன். "படகைத் திருப்புடா!"

"போனை வெக்காத" என்றாள் கிளெனிஸ்.

மோட்டார் உறுமியது. கால் மணி நேரம் அந்த உறுமலையே கேட்டுக்கொண்டு நின்றாள். சேணம் வாங்க வந்த ஒருவன் எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். மோட்டார் நின்றது. சேற்றில் ஓடுகிற கால்கள். மூச்சிரைப்பு. பெவன்தான் ஓடினான், போனும் கையுமாக.

"மேடம், கரை மேல ஏறறேன்... ஏறிட்டேன்..."

"சொல்லுடா!" என்று அலறினாள் கிளெனிஸ். "எதுவா இருந்தாலும் சொல்லு!"

"இருக்காரு மேடம்! தண்ணி ஓரத்துல கிடக்காரு. கால் ஒடிஞ்சிருக்கு போல. கையை ஆட்டறாரு மேடம், கையை ஆட்டறாரு!"

அந்தப் பிரிஸ்பேன் பையனும் அழுதுகொண்டிருந்தான். கிளெனிஸ் கல்லாவின் மேல் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். இரண்டு நாளாக ஒரு சொட்டு விடாதவள். வாசலில் நின்றவன் வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

போன் கைமாறுகிற சத்தம். கத்திக் கத்தித் தேய்ந்துபோன ஒரு குரல், காற்று போல வந்தது.

"அக்கா... மாடுங்க எல்லாம் மேட்டுக்கு வந்துருச்சா?"

"மாடாவது மண்ணாங்கட்டியாவது!" என்று கத்தினாள். கண்ணீரும் மூக்கும் ஒன்றாக ஒழுகின. "நீ இருக்கியாடா?"

"இருக்கேன் அக்கா."