சிவப்பு ஒயர் போகிற இடம்

வண்டியை வாங்கிய அன்று அதைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள் பாப்பா. நாற்பதைத் தாண்டிய பெண், மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றாமல், பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளை வியர்க்க விறுவிறுக்கத் தள்ளி வந்தால் தெரு வேடிக்கை பார்க்காமல் என்ன செய்யும்? பார்க்கட்டும் என்றுதான் அவளும் நடுத்தெருவில் தள்ளினாள். ஓரமாக வந்திருக்கலாம். வரவில்லை.

வாசலில் நின்ற அண்ணி வாயில் கை வைத்தாள். "என்ன பாப்பா இது? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு வந்திருக்கே!"

"மடியில விடல அண்ணி. என் ஷெட்டுல விடப்போறேன்."

அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது கொல்லையில் நின்ற அந்தத் தகர ஷெட் ஒன்றுதான். அப்பா அதை அவள் பங்காக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மற்றதெல்லாம் அண்ணனுடையது. அவள் படுக்கிற அறையும்கூட.

அண்ணன் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். முப்பது வருஷமாக பேட்டரி கடை வைத்திருந்தார். எதைப் பார்த்தாலும் சரி பண்ண வேண்டும் அவருக்கு. அவள் அறைக் கதவை அவர் ஒருநாளும் தட்டியதாகச் சரித்திரம் இல்லை. திறந்துகொண்டு வருவார், ஃபேனைக் குறைப்பார், கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார், அவள் வேலைக்குப் போயிருக்கும்போது கட்டிலைத் திருப்பிப் போட்டிருப்பார். ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டு வந்த ஒருவரை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "சரிப்பட்டு வராது" என்று அனுப்பி வைத்ததும் இதே நல்லெண்ணத்தில்தான். அது நடந்த விஷயமே அவளுக்கு மறு வருஷம் அண்ணி வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது.

வண்டியை விற்றவர் ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஓடும்மா. தெருமுனை வரைக்கும் ராஜா மாதிரி ஓடும். அதுக்கப்புறம் ஃபியூஸ் போயிடும், நின்னுடும். பார்க்காத மெக்கானிக் இல்ல. ஒவ்வொருத்தரும் ஒண்ணை மாத்தினாங்க, வண்டி மட்டும் மாறல." பழுது என்று தெரிந்தேதான் வாங்கினாள். ஸ்டூடியோ வாசலில் நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவாள். யாருக்கும் அடங்காத ஒரு பொருளாவது தன் பெயரில் இருக்கட்டும் என்று ஒருநாள் தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

அண்ணன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஒயரைத் தொட்டார்; மேலுறை சருகாக உதிர்ந்தது.

"செத்த வண்டி பாப்பா. பழைய இரும்புக்குப் போட்டுடு. எனக்கும் பழைய பேட்டரி வைக்க இடமில்லாம இருக்கு."

"ஓட்டிக் காட்டறேன்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. காலையில தெருவை முழுசா ஒரு சுத்து சுத்தி வந்து வாசல்ல நிறுத்தறேன். முடியலேன்னா ஷெட்டை நீங்களே எடுத்துக்குங்க."

வாய் முந்திக்கொண்டது. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற குடும்பத்தில் அவளும் ஒருத்தியாயிற்றே. வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

வேலை முடிந்து வந்ததும் தினமும் ஷெட்டுக்குள் புகுந்தாள். ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரை மாட்டி வைத்துக்கொண்டு, மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தாள். உதிர்ந்த ஒயர்களை மாற்றினாள். துருப்பிடித்த சுவிட்சைக் கழற்றித் தேய்த்தாள். எஞ்சின் உதைத்தவுடன் பிடித்தது. வேகம் கூட்டியதும் ஃபியூஸ் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த வண்டியில் பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் வரவேண்டும். ஃபியூஸ் போனால் எஞ்சினும் போச்சு. நோய் இருந்தது, இடம்தான் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தாள். விளக்குக் கூண்டின் மேல் ஒரு சின்ன மீட்டர் உண்டு. பேட்டரியிலிருந்து மின்சாரம் செலவானால் முள் ஒரு பக்கம் சாயும். எஞ்சின் ஓடும்போது டைனமோ பேட்டரியை நிரப்பினால் மறுபக்கம். இப்போது முள் நிரம்புகிற பக்கம் சாய்ந்து நின்றது. எஞ்சினே ஓடவில்லை, விளக்கோ எரிகிறது, பேட்டரி நிரம்புகிறதாம்! செலவு செய்யச் செய்யப் பெட்டி நிறைகிற வீடு உலகத்தில் எங்கேயாவது உண்டா?

பாப்பா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவள் வேலையே ஈ.சி.ஜி. எடுப்பது. வலது கையில் மாட்ட வேண்டிய ஒயரை இடது கையில் மாட்டிவிட்டால், காகிதத்தில் கோடு தலைகீழாக விழும். புதிதாக வந்த டாக்டர் பதறிப்போய் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார். பாப்பா ஒயரைப் பார்ப்பாள். நோயாளி பாட்டுக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, வண்டியின் இரும்பு உடம்போடு போல்ட் போட்டு முடுக்கியிருந்த பழைய ஒயரைத் துடைத்தாள். பல காலத்து எண்ணெய்க் கரி. தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து சிவப்பு வந்தது. சிவப்பு என்றால் பிளஸ். இன்றைய வண்டிகளில் பேட்டரியின் மைனஸ்தான் உடம்புக்குப் போகும். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இது அப்படிப் பிறந்த வண்டி இல்லை. இதற்கு பிளஸ்தான் உடம்புக்கு. பார்த்த மெக்கானிக் எல்லாம் 'எந்த முட்டாள் இப்படி மாட்டியிருக்கான்' என்று பேட்டரியை இந்தக் கால முறைப்படியே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். டைனமோ ஒரு பக்கம் இழுக்க, பேட்டரி இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் மாட்டிய ஃபியூஸ் உயிரை விட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கரிந்த முனைகளைச் சுத்தம் செய்து, பேட்டரியைத் திருப்பி மாட்டினாள். விளக்கைப் போட்டதும் முள் ஒழுங்காகச் செலவுப் பக்கம் சாய்ந்தது. எஞ்சினை முடுக்கியதும் எழுந்து நிரம்புகிற பக்கம் போனது. எவ்வளவு முடுக்கியும் ஃபியூஸ் போகவில்லை. சத்தம் கேட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அண்ணன் பேசாமல் போனால் வீட்டில் எதுவோ சரி செய்யப்படப் போகிறது என்று அர்த்தம். சந்தோஷத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து உதைத்தாள். பிடித்தது. முடுக்கினாள். ஃபியூஸ் போயிற்று.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டயரை ஓர் உதை விட்டாள், கால்தான் வலித்தது. வேறு ஃபியூஸைப் போட்டு விளக்கை எரியவிட்டால், முள் பழையபடி நிரம்புகிற பக்கம். குனிந்து பேட்டரியைப் பார்த்தாள். ஒயர்கள் இடம் மாறியிருந்தன. இரண்டு முனையிலும் துருப்பிடிக்காமலிருக்க வாஸ்லின் தடவி, அதன்மேல் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அந்தக் கட்டைவிரல் படாமல் அண்ணன் கடையிலிருந்து ஒரு பேட்டரியும் வெளியே போனதில்லை.

ஷெட்டுக்காக இவ்வளவு தூரமா இறங்குவார்? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார். ஒயர்களை மறுபடி மாற்றினாள். விடிந்ததும் ஷெட்டுக்குப் போய், கதவைச் சாத்தாமல், வண்டிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் வந்தார், கையில் ஸ்பேனரோடு. வழக்கம்போலத் தட்டாமல் நுழைந்து, நேராகக் குனிந்து பேட்டரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் தளர்த்தினார்.

"அண்ணே."

துள்ளி எழுந்தார். ஸ்பேனரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நீ இங்கயா இருக்கே?"

"என் ஷெட்டுல நான் இல்லாம யாரு இருப்பா? நீங்க என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாதே, உங்க அண்ணிக்குக் கேட்கும்." குரலைத் தாழ்த்தினார். "மறுபடியும் தலைகீழா மாட்டி வெச்சிருக்கே பாப்பா. நேத்தே மாத்தி வெச்சேனே! இப்படியே தெருவுக்குப் போனா மானம் போயிடும். நீ ஜெயிக்கணும்னுதான்…"

பாப்பா இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எதற்கும் உதவாமல் போயின. திருடன் என்று பிடித்தால் தானம் போட வந்தவன் என்கிறான். எதிரியாக வந்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

"உங்க உதவியாலதான்ணே நேத்து தோத்தேன். இந்த வண்டிக்கு பிளஸ் உடம்புக்குப் போகணும்."

"பேட்டரிக்காரனுக்கே பாடமா?"

"உங்க கடைக்கு வர்ற வண்டிக்கு நீங்க சொல்றதுதான் சட்டம். இது என்னோடது. என் கட்டில், என் ஃபேன், என் கடிகாரம், எனக்கு வந்த மாப்பிள்ளை, எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்க. அது எப்படி இருக்கணும்னு என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "அந்த ஆளு சரியில்ல பாப்பா. விசாரிச்சேன்."

"இருக்கலாம். அதை நான் கண்டுபிடிச்சிருக்கணும்."

ஸ்பேனருக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவர் தளர்த்தியிருந்த போல்ட்டை அவர் கண் முன்னாலேயே முடுக்கி, வாஸ்லினைத் தானே தடவி, தன் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். வண்டியை வாசலுக்குத் தள்ளினாள். அண்ணன் ஓடிப்போய் ஒரு வாளி மணலோடு வந்து நின்றார். "தீப்பிடிச்சா?" என்று அண்ணியிடம் முணுமுணுத்தார்.

முதல் உதைக்கே பிடித்தது. தெருமுனை வந்தது. முடுக்கினாள். முள் நிரம்புகிற பக்கம் சாய்ந்து அசையாமல் நின்றது. தெருமுனை பின்னால் போனது. ஸ்டூடியோக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியபடி வாய் பிளந்தார். ஒரு சுற்று என்றுதான் பேச்சு. பாப்பா இரண்டு சுற்று சுற்றினாள். இரண்டாவது, அவளுக்காக.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தியபோது அண்ணன் இன்னும் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஓடுது. ஷெட்டு உனக்குத்தான்." தொண்டையைச் செருமினார். "ஆனா ஒண்ணு. டைனமோவையும் சேர்த்து இப்ப இருக்கற முறைக்கு மாத்திடலாம். அரைநாள் வேலை. நானே…"

"வேணாம். அது பொறந்தபடியே ஓடட்டும்."

மத்தியானம் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து, ஷெட் கதவின் உள்பக்கம் தானே பொருத்தினாள். சற்றுக் கோணலாகத்தான் அமைந்தது. பரவாயில்லை, தாழ் விழுந்தது.

சாயங்காலம் வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தகரக் கதவில் இரண்டு தட்டு.

"பாப்பா… உள்ள வரலாமா?"

பாப்பா நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அவளிடம் யாரும் கேட்டிராத கேள்வி. கண்ணில் நீர் வந்துவிட்டது; துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"இப்ப வேணாம்ணே. வேலையா இருக்கேன்."

"சரி," என்றார் அண்ணன். செருப்புச் சத்தம் வீட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

உள்ளே ஒரு வேலையும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, வண்டியின் சீட்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பாப்பா சும்மா இருந்தாள்.